விண்மீன் தடங்கள்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதை அதன்மேல் வாழ்வோர் உணர்வதில்லை. அச்சுழற்சியைக் கண்முன் காட்ட வல்லது விண்மீன் தட ஒளிப்படம். முக்காலியில் பொருத்தப்பட்ட ஒளிப்படக் கருவி பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. எனவே, அதன் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது, விண்மீன் ஒவ்வொன்றும் படத்தில் கோடாக நீள்கிறது. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தடம் ஏறத்தாழ 15 பாகை அளவுள்ள வில்லாகும்.

இத்தடங்களின் வடிவம் இடத்திற்கேற்ப மாறும். தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். அதன் அட்சரேகை வடக்கு 9 பாகையை ஒட்டியது. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் அங்குத் துருவ விண்மீன் தோன்றும். தில்லியில் 28 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவ்விண்மீன், தருவைகுளத்தில் தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலமே அதன் உயரம். ஆதலால், வடக்கு நோக்கி எடுக்கும் படத்தில் அதனைச் சூழ்ந்த வட்டங்களுள் பெரும்பாலானவை தொடுவானத்தால் வெட்டுண்டு வில்களாகவே தெரியும்.

கிழக்கே கடலை நோக்கினால் காட்சி வேறு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள ஊராதலின், அங்கு விண்மீன்கள் ஏறக்குறையச் செங்குத்தாக எழுகின்றன. முழுச்சட்டக் கருவியில் 18 மி.மீ. அகலக்கோண லென்ஸ் ஏறத்தாழ 90 பாகை அகலமுள்ள வானைப் பதிவுசெய்யும். அப்படத்தில் நடுவிலுள்ள தடங்கள் நேர்கோடுகளாகவும், இடப்புறத் தடங்கள் வடதுருவம் நோக்கியும், வலப்புறத் தடங்கள் தென்துருவம் நோக்கியும் வளைந்திருக்கும். திருவாதிரையின் செந்நிறமும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிற நிற வேறுபாடுகளும் அக்கோடுகளில் தெளிவாகும்.

இப்படம் எடுக்க நிலவற்ற, முகிலற்ற இரவு வேண்டும். லென்ஸின் குவியத்தைத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனில் நிலைநிறுத்தி, ஷட்டரைத் தொலைவியக்கியால் இயக்க வேண்டும். கை பட்டால் கருவி அதிரும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் லென்ஸில் படியும் என்பதால் அதனை அவ்வப்போது துடைத்தல் நன்று.

நெடுநேரம் திறந்த ஷட்டர் விண்மீன் ஒளியோடு விளக்கொளியையும் சேர்த்துக்கொள்ளும். அவ்வொளி பெருகப் பெருக மங்கிய தடங்கள் மறையும். இதனைக் குறைக்க, 30 நொடிப் படங்கள் 120ஐ இடைவெளியின்றி எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மிகுந்த ஒளியை மட்டும் கொண்டு கணினியில் இணைப்பர். ஆயினும், விளக்கொளியில் முற்றிலும் மூழ்கிய விண்மீனை எக்கணினியும் மீட்டுத் தாராது.

தருவைகுளத்திற்குத் தெற்கே நகரமும் துறைமுகமும் உள்ளன. அவற்றின் விளக்குகள் மக்களுக்கு இன்றியமையாதவை. ஆனால், அவற்றின் ஒளி வானை நோக்கிச் செல்லத் தேவையில்லை. லடாக்கின் ஹான்லே பகுதி 2022ஆம் ஆண்டு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆங்குள்ள ஊர்களில் விளக்கொளியைக் கட்டுப்படுத்தி வானின் இருள் காக்கப்படுகிறது. ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தும் மூடியிட்ட விளக்கு, தெருவுக்கு வெளிச்சத்தையும் வானுக்கு இருளையும் ஒருங்கே தரும். கடலில் முன்னோர்க்குத் திசை காட்டிய விண்மீன்கள் வருந்தலைமுறைக்கும் தெரிய அவ்விருள் வேண்டும்.