நிரலாக்கத்தில் நாளும் நேரமும்: இலங்கைக் கடிகார மாற்றங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆவணங்களில் உள்ள நாளையும் நேரத்தையும் கணினித் தரவாக மாற்றும்போது நேரும் பிழைகளை இக்கட்டுரை விளக்குகிறது. இலங்கையில் 1996 முதல் 2006 வரை நிகழ்ந்த கடிகார மாற்றங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஆவணம் கூறும் நேரம், அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்னும் குறிப்பு, கணக்கிட்டுப் பெற்ற உலக நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிய வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நிரலாக்கம், நேர மண்டலம், உலக நேரம், இலங்கை, எண்ணிம ஆவணம்.

முன்னுரை

போர்க்கால இலங்கை பற்றிய செய்தியறிக்கைகளையும் வானொலிப் பதிவுகளையும் எண்ணிமத் தொகுப்பாக்கும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எது முந்தியது, எது பிந்தியது என்பதாகும். நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால், அவ்வாறு அடுக்கிய வரிசை தலைகீழாகவும் அமையக்கூடும்.

1. மூன்று கருத்துருக்கள்

நிரலாக்கத்தில் கணம், கடிகார நேரம், நேர மண்டலம் ஆகிய மூன்றும் வேறுவேறானவை. கணம் என்பது உலகெங்கும் ஒன்றே. பெரும்பாலான கணினிகள் அதனை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. கடிகார நேரம் ஓரிடத்துச் சுவர்க்கடிகாரம் காட்டுவது. இவ்விரண்டையும் இணைப்பது நேர மண்டலம். 2014இல் வெளிவந்த ஜாவா 8 இவற்றுக்குத் தனித்தனித் தரவு வகைகளை வழங்கியது. பைத்தான் 3.9 முதல் மண்டலக் கணக்கீடு அம்மொழியின் அடிப்படை நூலகத்திலேயே இடம்பெற்றுள்ளது.

+5:30 என்பது மண்டலம் அன்று. அது வெறும் இடைவெளி. ஓரிடத்தில் எந்தெந்தக் காலத்தில் எந்த இடைவெளி வழங்கியது என்னும் வரலாறே மண்டலம். இவ்வரலாற்றை ஐயானா நேர மண்டலத் தரவுத்தளம் தொகுத்து வைத்துள்ளது.

2. இலங்கைக் கடிகாரம்

மின் நெருக்கடியை முன்னிட்டு 1996 மே 25 தொடங்கும் நள்ளிரவில் இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டு +6:30 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 26இல் +6:00 ஆகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் +5:30க்குத் திரும்பியது.

இதனால் 1996 மே 25 அன்று 12:00 மணிக்கும் 1:00 மணிக்கும் இடைப்பட்ட நேரம் கொழும்பில் இல்லை. 12:30 எனப் பதிந்தால் பைத்தான் பிழை எதுவும் காட்டாமல் அதனை அவ்வாறே ஏற்கிறது. ஜாவா 1:30 என மாற்றிக்கொள்கிறது. மாறாக, 2006 ஏப்ரல் 15 அன்று நள்ளிரவுக்குப் பிந்தைய முதல் அரைமணி நேரம் இருமுறை வந்தது. 12:15 என்னும் பதிவு அவற்றுள் எதனைச் சுட்டுகிறது? நிரலர் வேறுவகையாகப் பணிக்காதவரை இரு மொழிகளும் முதலாவதையே கொள்கின்றன. எச்சரிக்கை எதுவும் தோன்றாமையால் பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

3. ஒரு பெயர், இரு கடிகாரங்கள்

தமிழீழ விடுதலைப் புலிகள் 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவில்லை. தம் கடிகாரங்களை +5:30இலேயே வைத்திருந்தனர். ஐயானா தரவுத்தளத்தில் இச்செய்தி குறிப்புரையாக மட்டுமே உள்ளது. தனி மண்டலமாக இல்லை. ஆகவே ‘ஆசியா/கொழும்பு’ என்னும் பெயரைத் தேர்ந்தெடுக்கும் நிரல், தீவு முழுவதற்கும் ஒரே கடிகாரத்தைப் பொருத்திவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2003ஆம் ஆண்டின் ஒரே நாளில் கிளிநொச்சி அறிக்கை ஒன்று காலை 6:00 எனவும், கொழும்பு அறிக்கை ஒன்று காலை 6:20 எனவும் தம் கடிகாரப்படி குறிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏட்டளவில் கிளிநொச்சி முந்துகிறது. உலக நேரத்தில் கொழும்பு அறிக்கை 0:20. கிளிநொச்சி அறிக்கை 0:30. உண்மையில் முந்தியது கொழும்பு அறிக்கையே. யார் முதலில் அறிவித்தார், யார் மறுமொழி கூறினார் என்னும் ஆய்வு முடிபே இங்கு மாறிவிடுகிறது.

4. பதிவு முறை

முதலாவதாக, ஆவணத்தில் உள்ள நேரத்தை எவ்வித மாற்றமுமின்றி எழுத்துவடிவில் பதிய வேண்டும். இரண்டாவதாக, அது எந்தக் கடிகாரம் என்பதையும் அவ்வாறு கருதுவதற்கான சான்றையும் குறிக்க வேண்டும். கிளிநொச்சி போன்ற நேர்வுகளில் மண்டலப் பெயருக்கு மாற்றாக +5:30 என்னும் நிலையான இடைவெளியை அளிக்கலாம். சான்று இல்லாதவிடத்து அக்களத்தை வெறுமையாக விடுவதே முறை. மூன்றாவதாக, கணக்கிட்ட உலக நேரத்தைத் தனிக் களத்தில் வைத்து, பயன்படுத்திய தரவுத்தளப் பதிப்பின் பெயரையும் சேர்க்க வேண்டும். தரவுத்தளம் திருத்தப்படும்போது மீண்டும் கணக்கிட இது உதவும்.

முடிவுரை

உலக நேரத்தை மட்டும் சேமித்தால் போதும் என்னும் அறிவுரை, நிகழும் கணத்திலேயே கணினி பதியும் தரவுக்குப் பொருந்தும். ஆவணத்திலிருந்து பெறும் நேரமோ ஒரு கூற்று. அதனை உலக நேரமாக்குவது ஆய்வாளரின் விளக்கம். விளக்கத்தைச் சேமித்து மூலத்தை விட்டுவிட்டால், பின்வரும் ஆய்வாளர் பிழையைத் திருத்தும் வழி அடைபட்டுவிடும். மூலபாடத்தையும் பாடவேறுபாட்டையும் பிரித்துக் காட்டும் பதிப்பு நெறி, நேரத் தரவுக்கும் உரியதே.