பெயர் மறந்தாலும் ராகம் மறவாது

எங்கள் உம்மாவுக்கு மறதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பின்னர் அஸர் தொழுதாரா இல்லையா என்பதை மறந்தார். கடைசியில் ஒருநாள், பாடசாலை விட்டு வந்து ஸலாம் சொன்ன எனக்குப் பிசகில்லாமல் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "நீங்க ஆருட மகன்?" என்று கேட்டார்.

நான் ஓர் ஆசிரியன். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே காலம் கழித்தவன். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "உம்மா, நான் ஆர்? சொல்லுங்க பாப்பம். இண்டைக்கு என்ன கிழமை?" என்று தினமும் உம்மாவுக்குப் பரீட்சை வைத்தேன். ஞாபகத்தைத் தட்டி எழுப்புகிறேன் என்பது என் எண்ணம். உம்மாவோ முந்தானையைச் சுருட்டியபடி தலை குனிந்திருப்பார். பாடம் வராத பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கேட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

என் மனைவி எதையும் கேட்பதில்லை. சோறு ஊட்டும்போது, எங்கள் பிள்ளைகளுக்கு உம்மா பாடிய தாலாட்டை மெதுவாக முணுமுணுப்பாள். ஓர் அடியை அவள் நிறுத்தினால் அடுத்த அடியை உம்மா எடுப்பார். தலை அசையும், விரல்கள் மடியில் தாளம் போடும். பெற்ற மகனின் பெயர் தெரியாதவருக்குத் தாலாட்டில் ஒரு சொல் கூடத் தவறவில்லை!

இது எப்படி என்ற கேள்விதான் என்னைத் தேடி வாசிக்க வைத்தது. உம்மா மௌத்தாகிவிட்டார். ஆனால், இதே நிலையில் உம்மாவையோ மாமியையோ வைத்துப் பராமரிக்கும் சகோதரிகள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். நான் பிந்தி அறிந்ததை நீங்கள் முந்தி அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

வயதின் குறையா, நோயா?

"வயசு போனா அப்படித்தான்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். வயது போன எல்லோருக்கும் இது வருவதில்லை. இது மூளையைத் தாக்கும் நோய். டிமென்ஷியா என்பது அதன் பொதுப் பெயர். அதில் நூற்றுக்கு 60 முதல் 70 வரையானவை அல்சைமர் நோயாகும். 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணை அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் கவனித்து வந்தார். அப்பெண் இறந்த பின் அவரது மூளையைப் பரிசோதித்து, கண்டவற்றை 1906இல் வைத்தியர்கள் முன்னிலையில் விளக்கினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களைப் பராமரிக்கச் செலவாகும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. எனவே, இது பெண்கள் படிக்கும் பத்திரிகையில் கட்டாயம் பேசப்பட வேண்டிய விடயம்.

ராகம் எங்கே தங்கியிருக்கிறது?

இன்று நடந்ததை நாளைக்காகச் சேமித்து வைக்கும் பகுதி மூளையின் உள்ளே இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்று அதனை அழைப்பர். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. ஐம்பது வருடத்துக்கு முந்திய கல்யாண வீடு மறப்பதில்லை.

நீண்ட காலம் கேட்டுப் பழகிய இசை மூளையில் எங்கே பதிந்திருக்கிறது என்பதை ஜேர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். அந்த இடம் அல்சைமர் நோயினால் ஏனைய பல பகுதிகளை விடக் குறைவாகவே சேதமடைகிறது எனக் கண்டனர். மேலும், பாட்டு என்பது வெறும் ஞாபகமன்று. நாவும் தொண்டையும் கையும் காலும் பழகிய பழக்கமும் அதில் உண்டு. சைக்கிள் ஓடப் பழகியவன் அதை மறப்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இது.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் அமெரிக்கப் பாடகர் டொனி பென்னட். அவருக்கு அல்சைமர் என்று 2016இல் கண்டறியப்பட்டது. 2021 பெப்ரவரியில் குடும்பத்தினர் அதைப் பகிரங்கப்படுத்தினர். அவ்வருடம் ஆகஸ்ட் 3ஆம் திகதி, தமது 95ஆவது பிறந்த தினத்தில், நியூயோர்க் ரேடியோ சிட்டி மண்டபத்தில் பாடகி லேடி காகாவுடன் மேடையேறினார். 5ஆம் திகதியும் பாடினார். ஒத்திகை நாட்களில் தன்னை யாரென்று அவர் அறிந்தாரா என்பதே லேடி காகாவுக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. ஆனால், மேடையில் இசை எழுந்ததும் பாடல்கள் தடையின்றி வந்தன. தன் முன்னால் வந்தவளின் பெயரையும் அவர் சொன்னார். 2023 ஜூலையில் 96 வயதில் அவர் காலமானார்.

அவர்களுக்காகவே அமைந்த மேடைகள்

டொனி பென்னட் பாடகர். சாதாரண மனிதரின் நிலை என்ன? இங்கிலாந்தில் இதனை யோசித்துச் சில காரியங்கள் செய்திருக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டு அங்கே "மூளைக்காகப் பாடுவோம்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுப் பாட்டு முறை ஆரம்பமானது. பின்னர் அந்நாட்டு அல்சைமர் சங்கத்தின் மூலம் பல ஊர்களுக்கும் அது பரவியது. நோயாளியும் அவரைப் பராமரிப்பவரும் சேர்ந்தே வட்டமாக அமர்கின்றனர். வந்தவரை வரவேற்கும் பாட்டுடன் ஆரம்பித்து, தெரிந்த பழைய பாட்டுகளைக் கையசைத்துப் பாடுகின்றனர். தேநீர் அருந்திப் பேசவும் இடமுண்டு. யார் நோயாளி, யார் பராமரிப்பவர் என்று அந்த வட்டத்தில் பிரித்துப் பார்ப்பது கடினம்.

2012இல் மான்செஸ்டர் நகர இசைக்குழு ஒன்று இன்னொரு வழியைக் கண்டது. வாத்தியக் கலைஞர்கள் வாசிக்க நோயாளிகள் கேட்டுக்கொண்டிருப்பதல்ல அந்த வழி. நோயாளியின் கையிலேயே சிறு வாத்தியத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவர் தட்டும் தாளத்தைக் கலைஞர்கள் பின்தொடர்வார்கள். எப்போதும் பிறர் சொற்படி நடக்க வேண்டியவராகிவிட்ட ஒருவர், அந்தச் சொற்ப நேரம் மற்றவர்களை வழிநடத்துகிறார்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் லீட்ஸ் நகர நாடக அரங்கொன்று, பாட்டும் நடனமும் நிறைந்த தனது மேடை நிகழ்ச்சியின் ஒரு காட்சியை டிமென்ஷியாவுடன் வாழ்வோருக்காகவே மாற்றியமைத்தது. மண்டபத்தின் விளக்குகளை முற்றாக அணைக்கவில்லை. இருட்டு அவர்களைப் பயமுறுத்தும். திடுக்கிட வைக்கும் சத்தங்களைக் குறைத்தார்கள். இடையில் எழுந்து நடக்கலாம், சேர்ந்து பாடலாம், களைத்தால் அமைதியான ஓர் அறையில் போய் இருக்கலாம். வழிகாட்டும் பலகைகள் பெரிய எழுத்தில் இருந்தன. "உஷ்" என்று யாரும் அதட்டுவதற்கு இடமில்லை. பின்னர் ஏனைய அரங்குகளும் பின்பற்றுவதற்காக ஒரு கையேட்டையும் அவர்கள் வெளியிட்டனர்.

நடனமும் இவ்வாறே. எழுந்து நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தபடியே கைகளை உயர்த்தி, தோளை அசைத்து, கால் விரலால் தாளமிட்டு ஆடுவதற்குப் பயிற்றுநர்கள் பழக்குகிறார்கள். ஸ்பெயின் நாட்டில் அல்சைமர் நோயுற்ற, முன்பு பாலே நடனமாடிய ஒரு மூதாட்டியின் படக்காட்சி 2020 நவம்பரில் உலகெங்கும் பரவியது. சைக்கோவ்ஸ்கியின் அன்ன ஏரி இசை காதில் விழுந்ததும், சக்கர நாற்காலியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, அன்னத்தின் சிறகு போலக் கைகளை விரிக்கிறார். அப்படக்காட்சி பரவியபோது அவர் உயிருடன் இல்லை. இடையிடையே அதில் காட்டப்படும் இளம் நடன மங்கை அவரல்லர், வேறொரு கலைஞர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால், அந்தக் கைகள் அவருடையவை.

இது மருந்தா?

இல்லை, சகோதரிகளே. பாட்டினால் நோய் குணமாகும் என்று எவரும் சொன்னால் நம்பவேண்டாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலிக்கும் கொக்ரேன் அமைப்பு, இசையை வைத்துச் செய்யும் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்று 2025இல் தெரிவித்தது. இழந்த ஞாபகம் திரும்புவதற்கோ, நோயாளியின் படபடப்புத் தணிவதற்கோ அத்தகைய ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் உம்மா மீண்டும் "நீங்க ஆருட மகன்?" என்றுதான் கேட்பார். அந்தப் பத்து நிமிடம் அவர் பயமின்றி, வெட்கமின்றி நம்முடன் இருந்தார் என்பதே அதன் பலன். அது சிறிய பலனா?

ஊறும் உண்டு. பிடிக்காத பாட்டும், உரத்த சத்தமும், பழைய துயரத்தைக் கிளறும் ராகமும் அவர்களை அழவைக்கும். காதில் கருவியை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் சுருங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

"மௌலவி, இசை நமக்கு ஆகுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாத்தியங்கள் விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுண்டு. அந்த வாதத்தை இங்கே நான் திறக்கவில்லை. ஏனெனில், நமக்கு இங்கே வாத்தியமே தேவையில்லை. மனிதக் குரல் போதும். ஒருவர் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் கேட்டவையே ஆழமாகப் பதிந்திருக்கும் என்கின்றனர் ஆய்வாளர்கள். நம் மூத்தம்மாமார் அந்த வயதில் எதைக் கேட்டார்கள்? ஓதற்பள்ளியில் எல்லோரும் சேர்ந்து ஓதிய சிறிய சூராக்கள், ஸலவாத், மௌலித் பைத்துகள், தாலாட்டு, வயற்காட்டுக் கவிகள், இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் ஒலித்த கீதங்கள், நாகூர் ஹனீபாவின் குரல். கிழக்கில் பிறந்தவராயின் பொல்லடியின் தாளமும் காதில் இருக்கும். அவரவர் வீட்டு வழக்கப்படி இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கொப்பியில் உம்மாவுக்குத் தெரிந்த பாட்டுகளையும் ஓதல்களையும் இன்றே எழுதி வையுங்கள். நோய் முற்றிய பின் அவரிடம் கேட்டு அறிய முடியாது. அந்தியில் அவர் தடுமாறும் வேளையில், குளிக்க மறுக்கும் வேளையில், ஊட்டும் வேளையில் மெதுவாக ஆரம்பியுங்கள். ஓர் அடியை நீங்கள் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் எடுத்தால் மகிழுங்கள். எடுக்காவிட்டால் நீங்களே தொடருங்கள். பிழை திருத்த வேண்டாம். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். கல்யாண வீடு, பெருநாள் என்று வரும்போது "சனத்துக்கு முன்னால என்னவும் சொல்லிப் போடுவா" என்று பின்னறையில் விட்டுச் செல்லாதீர்கள். சற்று அமைதியான மூலையில், தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருத்துங்கள். லீட்ஸ் நகரத்தார் ஒரு மண்டபத்தையே மாற்றினார்களே, நம்மால் ஒரு கதிரையின் இடத்தை மாற்ற முடியாதா? கொழும்பிலோ அருகிலோ இருப்பவர்கள், 2001இல் அமைக்கப்பட்ட இலங்கை அல்சைமர் மன்றத்தை ஆலோசனைக்கு நாடலாம்.

தொழுகையில் ரக்அத் மறந்தால் அதட்டாதீர்கள். புத்தி நீங்கியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியில் வந்த விடயம். அறிந்திருந்த பின் எதையும் அறியாத தள்ளாத வயதை அடைவோர் பற்றி அல்குர்ஆன் அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு சூராக்களிலும் பேசுகிறது. அந்த வயதை விட்டு நபி (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். அப்படியாயின், அதில் அகப்பட்டவர்மீது நமக்கு எவ்வளவு இரக்கம் வேண்டும்!

இறுதியாக ஒன்று. ஒரு பெருநாள் தினம் மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளுடன் விளையாடிக் காட்டினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று அதனைப் பார்த்தார்கள். தாமாகச் சலிக்கும் வரை அவர்கள் பார்க்க, அதுவரை நபியவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவான சம்பவம் இது. நான் பல தடவை வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஹதீஸ்தான். ஆனால், உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அவர் போதுமென்று கண்ணை மூடும் வரை தாலாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த என் மனைவியைக் கண்ட பின்னரே அதன் பொருள் எனக்கு விளங்கியது.

உம்மாவிடம் நான் கேள்வி கேட்பதை நிறுத்தியது அவரது கடைசி வருடத்தில். "நீங்க ஆருட மகன்?" என்று அவர் கேட்டால், "உங்கட மகன்தான் உம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து ஓதுவேன். அவரும் சேர்ந்துகொள்வார். இன்னும் கொஞ்சம் முந்தியே அதைச் செய்திருக்கலாம்.