காத்தாடியில் நமக்கும் ஒரு பங்கு



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறோம். "எங்க ஊர் மேட்டுல காத்தாடி ராவும் பகலும் சுத்துது. நிலம் எங்க ஊருது, காத்து எங்க ஊருது. கரண்டும் காசும் யாருக்குப் போகுது?" என்றார். சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் யாருக்கும் பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதனால் கொஞ்சம் படித்தும் விசாரித்தும் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நிலக்கரி, எண்ணெய் எரித்துக் கரண்டு எடுப்பதைக் குறைத்து, காற்று, வெயில் பக்கம் உலக நாடுகள் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். புகை குறையும், பூமி சூடாவது குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தக் காத்தாடிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இதை முதலில் பேசிய நாடுகளில் ஒன்று டென்மார்க். நம்ம ஊர்க் காத்தாடிக்கும் அந்த நாட்டுக்கும் உறவு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

டென்மார்க் ஐரோப்பாவின் வடக்கே உள்ள சின்ன நாடு. ஜனத்தொகை 60 லட்சம்தான். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைக் குறைத்தபோது அங்கே பெரிய திண்டாட்டம். அடுப்பு, கரண்டு, குளிருக்கு வீட்டைச் சூடாக்குவது எல்லாமே ஏறக்குறைய வெளிநாட்டு எண்ணெயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அரசாங்கம் நிலக்கரி பக்கம் திரும்பியது. அணுமின் நிலையம் கட்டலாம் என்றும் பேச்சு வந்தது. ஜனங்கள் எதிர்த்து நின்றதில், 1985-ல் அவர்கள் பாராளுமன்றமே அணுமின்சாரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

அந்தச் சமயத்தில் காத்தாடியைக் கையில் எடுத்தது பெரிய கம்பெனிகள் இல்லை. கிறிஸ்டியன் ரீசாகர் என்று ஒரு தச்சர். 1970-களின் நடுவில் தன் வீட்டுப் பக்கத்திலேயே 22 கிலோவாட் காத்தாடி ஒன்றைச் செய்து கரண்டு லைனோடு சேர்த்தார். அவரைப் பார்த்துக் கொல்லர்களும், விவசாயக் கருவி செய்கிற பட்டறைக்காரர்களும் இறங்கினார்கள். 1979-லிருந்து அரசாங்கம் காத்தாடி வாங்குவோருக்கு விலையில் 30 சதவீதம் மானியம் கொடுத்தது. ஆனால் ரிசோ என்கிற ஊரில் இருந்த சோதனை நிலையம் பார்த்துச் சரி என்று சொன்ன காத்தாடிக்கு மட்டும்தான் மானியம். மானியம் வருகிறதே என்று கண்ட மெஷினையும் தலையில் கட்டுகிற கதை அங்கே நடக்கவில்லை. (கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!)

ஒரு காத்தாடியை ஒரு குடும்பம் தனியாக வாங்க முடியாது. அதனால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். சங்கக் கணக்கு நம் குழுக் கணக்கு மாதிரியே எளிமையானது. நம் வீட்டு கரண்ட் பில்லில் "யூனிட்" என்று போட்டிருக்கும் இல்லையா? ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு காத்தாடி வருஷத்துக்கு எத்தனை யூனிட் தரும் என்று கணக்குப் பார்த்து, அதை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தார்கள். ஆயிரம் யூனிட் ஒரு பங்கு. வருஷத்துக்கு 5 ஆயிரம் யூனிட் செலவாகிற குடும்பம் ஐந்து பங்கோ, கொஞ்சம் கூடவோ வாங்கும். கையில் காசு இல்லாதவர்கள் பேங்கில் கடன் வாங்கிப் பங்கு எடுத்தார்கள். கரண்டு முழுவதும் லைனுக்குப் போய்விடும். அதைப் பேசிய விலைக்கு மின்சாரக் கம்பெனி வாங்கியாக வேண்டும். வருகிற பணத்தைப் பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு கண்டிஷனும் இருந்தது. காத்தாடிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்தான் பங்கு வாங்கலாம். எங்கோ இருக்கிற பணக்காரர் மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு போக முடியாது. 2001 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிப் பங்குதாரர்களாக இருந்தன. தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000-ல் 20 காத்தாடிகள் நட்டார்கள். அதில் 10 காத்தாடி 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்களின் சங்கத்துக்குச் சொந்தம். ஒரு பங்கு 4,250 குரோனர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 24 ஆயிரம் ரூபாய். முதலில் 27 காத்தாடி மூன்று வரிசையாக என்றுதான் திட்டம். பார்வைக்கு நன்றாக இல்லை என்று ஊரார் சொன்னதைக் கேட்டு, 20 ஆகக் குறைத்து வில் மாதிரி வளைவாக நிறுத்தினார்கள்.

சாம்சோ என்று ஒரு தீவு. சுமார் 4 ஆயிரம் பேர்தான், பெரும்பாலும் விவசாயம். ஊரிலிருந்த இறைச்சி ஆலை மூடி பலருக்கு வேலை போயிருந்த நேரம். எண்ணெய், நிலக்கரி இல்லாமல் வாழ ஒரு தீவைத் தேர்ந்தெடுக்க அரசாங்கம் போட்டி வைத்தது. 1997-ல் சாம்சோ ஜெயித்தது. ஜெயித்தால் கூடவே பணம் கொட்டவில்லை! ஸோரன் ஹெர்மன்சன் என்கிற உள்ளூர் விவசாயி மகன், ஆசிரியர் வேலை பார்த்தவர், வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். முதலில் யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். (எந்த ஊரும் இப்படித்தான் போலிருக்கிறது.) ஊரில் மதிப்புள்ள நாலு பேர் சேர்ந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

நிலத்தில் 11 காத்தாடி வந்தது. 9 விவசாயிகளுக்குச் சொந்தம், 2 சிறு பங்குதாரர்களுக்கு. அப்புறம் கடலில் 10 பெரிய காத்தாடி. அதில் 5 அந்த ஊர் உள்ளாட்சியே கடன் வாங்கிப் போட்டது. நம்ம பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, சத்தம் வருகிறது, பார்க்க அசிங்கம் என்று மற்ற ஊர்களில் சண்டை போட்ட அதே காத்தாடியை இங்கே ஜன்னல் வழியாகப் பார்த்து "இன்னைக்கு நல்லா சுத்துது" என்று சந்தோஷப்பட்டார்கள்.

அங்கே வீட்டைச் சூடாக்குவதற்கு வைக்கோலை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். மாட்டுக்குப் போடாமல் வைக்கோலை எரிப்பதா என்று நமக்குப் பகீர் என்கிறது! அங்கே வைக்கோல் மிச்சம், குளிர் அதிகம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சாம்சோவில் காரும் டிராக்டரும் பெரும்பாலும் எண்ணெயில்தான் ஓடின. அதற்கு ஈடாகக் கடல் காத்தாடிக் கரண்டை வெளியே அனுப்பி வரவு செலவை நேர் செய்தார்கள். ஆக, எண்ணெய் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

காற்று இல்லாத நாளில் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். பக்கத்து நாடுகளான நார்வேயிலும் ஸ்வீடனிலும் அணை நீரில் எடுக்கிற கரண்டு நிறைய. கேபிள் வழியாக அங்கிருந்து வாங்குவார்கள். காற்று அதிகமான நாளில் இங்கிருந்து விற்பார்கள். இப்போது டென்மார்க்கின் கரண்டில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்துதான்.

கம்பெனிகளும் மாறின. டோங் எனர்ஜி என்கிற பெரிய மின்சாரக் கம்பெனியின் கரண்டில் 85 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில் வந்துகொண்டிருந்தது. அதைத் தலைகீழாக்கப் போகிறோம், ஒரு தலைமுறை ஆகும் என்று 2009-ல் சொன்னது. பத்தே வருஷத்தில் செய்துவிட்டது. 2017-ல் ஓர்ஸ்டெட் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. நல்லதுதான். ஆனால் காத்தாடி பெரிசாகப் பெரிசாக, விலை ஊர்ச் சங்கங்களுக்கு எட்டாமல் போனது. சொந்தம் கம்பெனிக்கு மாறியதும் ஜனங்களின் எதிர்ப்பும் கூடியது. அதனால் 2009-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதுக் காத்தாடி போட்டால் 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க முன்வர வேண்டும். அதையும் 2020-ல் எடுத்துவிட்டு, பக்கத்தில் வசிப்பவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுப்பதாக மாற்றினார்கள். பங்குதாரராக இருப்பதும் தொகை வாங்குவதும் ஒன்றில்லை என்பது எங்கள் எண்ணம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1990 வாக்கில் டென்மார்க் அரசாங்கத்தின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காத்தாடிகள் நட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற சீமைக்குக் காத்தாடி வராமல் இருக்குமா? சென்னையில் உள்ள காற்று ஆராய்ச்சி நிலையமும் டென்மார்க் உதவியில் 1998-ல் வந்ததுதான். இன்று தமிழ்நாட்டில் காத்தாடிகளின் மொத்தத் திறன் 11 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

மெஷின் வந்தது, சங்கம் வரவில்லை. ஏன்? இங்கே அரசாங்கம் சலுகையை வேறு மாதிரி கொடுத்தது. காத்தாடி வாங்கினால், அதன் விலையில் பெரும்பகுதியை முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அப்போது வழி இருந்தது. வரி கட்டுகிறவருக்குத்தானே வரிச்சலுகை? லாபம் பார்க்கிற பஞ்சாலைகளும் கம்பெனிகளும் வாங்கின. தங்கள் மில்லுக்குக் கரண்டும் எடுத்துக்கொண்டன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகிற நம்மால் அந்தக் கதவு வழியாக உள்ளே போக முடியவில்லை. கூட்டத்தில் கேட்ட சகோதரிக்கு எங்கள் பதில் இதுதான்: கரண்டு பொது லைனுக்குப் போகிறது, காசு காத்தாடி வாங்கியவருக்குப் போகிறது, ஊருக்கு நிலம் விற்ற பணமோ குத்தகைப் பணமோ மட்டும்தான்.

ஒரு பஞ்சாயத்து மட்டும் வேறு வழியில் போனது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. குடிதண்ணீர் மோட்டார், தெருவிளக்கு என்று பஞ்சாயத்தின் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. சண்முகம் தலைவராக இருந்த காலம் அது. 2006-ல் பஞ்சாயத்தே 350 கிலோவாட் காத்தாடி ஒன்றை வாங்கியது. விலை சுமார் ஒரு கோடியே 55 லட்சம். 40 லட்சம் பஞ்சாயத்தின் கைப்பணம், மீதி பேங்க் கடன். ஓடந்துறையில் காற்று போதாது. அதனால் காத்தாடியை உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நட்டார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட். ஊருக்கு வேண்டியது நாலரை லட்சம்தான். மின் வாரியத்துக்கு விற்ற பணத்திலிருந்தே கடன் தவணை போனது.

இப்போது காத்தாடிக்கும் சோலார் தகடுக்கும் நிலம் கேட்டு ஆட்கள் பல ஊர்களுக்கு வருகிறார்கள். உங்கள் ஊருக்கும் வந்தால், கைநாட்டோ கையெழுத்தோ போடுவதற்கு முன் பத்திரத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். விற்பனையா குத்தகையா, எத்தனை வருஷம், வருஷா வருஷம் தொகை கூடுமா, ஆடு மாடு மேயப் பாதை விடுவார்களா, கம்பெனி கைமாறினால் யார் பொறுப்பு என்று உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். ஊருக்குப் பங்கு உண்டா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.