பலகை மேல் ஒரு தங்கவயல்

செத்துப்போன கிளைப்பாதைகளை ஸ்காட்லாந்து ரசிகர்கள் வீட்டு அலமாரியில் ஓட்டுகிறார்கள். சுரங்கம் மூடிய பின்னும் உயிரோடிருக்கும் கோலார் பாதையைச் சிறிதாக்கினால் எது மிஞ்சும், எது விடுபடும்?

பங்காரப்பேட்டை சந்திப்பில் பிரதான பாதையிலிருந்து பிரிகிற ஒரு தடம், சுமார் 16 கி.மீ. ஓடி மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வழியில் வரும் நிலையங்களின் பெயர்களே பாதையின் கதையைச் சொல்லிவிடும். எல்லாம் சுரங்கங்களின் பெயர்கள். பெயர்ப் பட்டியலில் பின்னால் சேர்ந்துகொண்டது பெமல் நகர். 1894இல் கோலார் தங்கவயலுக்காகவே போடப்பட்ட பாதை இது. நிலக்கரியும் மரமும் ராட்சத இயந்திரங்களும் உள்ளே போக வேண்டியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், சுரங்க வேலை தேடி வந்தன. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ரயில் மட்டும் நிற்கவில்லை.

மாடல் ரயில் அமைப்பவர்களிடம் இந்தப் பாதையின் வரைபடத்தைக் காட்டினால் கண்கள் விரியும். குறைந்த தூரம், மறுமுனையில் முட்டுச்சுவர், நாலைந்து சிறு நிலையங்கள், சரக்கு ஏற்றி இறக்கக் காரணம். சிறிய வீட்டில் ரயில் கட்ட நினைப்பவருக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஸ்காட்லாந்தின் கிராமப்புறக் கிளைப்பாதைகளைத் தேடிப்பிடித்து அவர்கள் மாடலாக்கி வருவதும் இதே காரணங்களுக்காகத்தான்.

அந்தப் பாதைகளில் பல இன்று இல்லை. 1963இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை, நஷ்டத்தில் ஓடுகிறவை என்று 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. மலையும் ஏரியுமாக இருந்த ஸ்காட்லாந்துக் கிராமங்கள் பெரிய அடி வாங்கின. கில்லின் என்ற ஊர், பெரிய ரயில் கம்பெனி தன்னை ஒதுக்கியதால் தானே பணம் திரட்டி 1886இல் ஐந்து மைல் பாதை போட்டுக்கொண்டது. 1965இல் அதுவும் போயிற்று. தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகும் ஊர்க்காரர்களின் மனதில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழைய புகைப்படங்களையும் கால அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சரக்குக் கொட்டகை, இரண்டு பெட்டி வண்டி என்று பலகையின் மேல் அந்தக் காலத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள்.

தங்கவயலுக்கு நெருங்கிய உறவுக்காரர் ஒருவரும் அங்கே உண்டு. தெற்கு ஸ்காட்லாந்தில் லெட்ஹில்ஸ், வான்லாக்ஹெட் என்று இரண்டு மலைக் கிராமங்கள். ஈயச் சுரங்கமே பிழைப்பு. அக்கம்பக்கத்து ஓடைகளில் ஒரு காலத்தில் தங்கமும் கிடைத்தது. எல்வன்ஃபுட்டிலிருந்து கலிடோனியன் ரயில்வே அமைத்த கிளைப்பாதை 1901இல் லெட்ஹில்சையும் 1902இல் வான்லாக்ஹெட்டையும் அடைந்தது. 1,498 அடி உயரத்துக்கு ஏறிய பாதை அது. ஈயத் தொழில் படுத்ததும் ரயிலும் படுத்தது. 1938 இறுதியோடு சரி. இன்று அதே தடத்தின் ஒரு பகுதியில் தன்னார்வலர்கள் இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் ஓட்டி ஞாபகத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

தங்கவயல் இங்கேதான் வேறுபடுகிறது. சுரங்கம் போன பின், வேலை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதே ரயில்தான் பிழைப்பாயிற்று. விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ஏறி, பங்காரப்பேட்டையைத் தாண்டி இன்னும் 70 கி.மீ. போய்ப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். உள்ளே ஆள் கொண்டுவரப் பயன்பட்ட பாதை இப்போது தினமும் ஆட்களை வெளியே கொண்டுபோகிறது. லெட்ஹில்ஸ் மாடல் என்றால் அது இறந்தவர் படம். தங்கவயல் மாடல் உயிரோடிருப்பவரின் படமாக இருக்க வேண்டும்.

சிறிய இடத்தில் இதையெல்லாம் எப்படி அடக்குவது? இந்தக் கலையின் சூட்சுமம் கூத்து மேடையின் சூட்சுமம்தான். பலகையில் ஒரு நிலையம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். தடம் ஒரு பாலத்துக்கு அடியிலோ மரக்கூட்டத்துக்குப் பின்னாலோ நுழைந்து மறைகிறது. மறைப்புக்கு அப்பால் நாலைந்து தடங்களில் அடுத்தடுத்த வண்டிகள் வேஷம் கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. பார்ப்பவருக்கு அந்த மறைவிடம்தான் உலகத்தின் மீதிப் பகுதி. மாரிகுப்பம் மேடை என்றால் பங்காரப்பேட்டை, பெங்களூர், சென்னை எல்லாம் திரைக்குப் பின்னால்.

பயணி வண்டி போதாதென்றால் சரக்கு விளையாட்டு இருக்கிறது. ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரரின் ‘இங்கிள்நூக்’ அமைப்பில் மூன்றே தடங்கள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி வந்த ஐந்து வேகன்களை வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம். தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்கு அலுக்காது. சுரங்க வாசலில் நிலக்கரி வேகனையும் மர வேகனையும் பிரித்துக் கொடுத்த என்ஜின் டிரைவரின் தலைவலி இந்த விளையாட்டில் நன்றாகவே புரியும்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய முகவரி புனே. கோத்ரூட் பகுதியில் பாவு ஜோஷி உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட இந்தியப் பாதையை அச்சாக எடுக்க நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்வது அளவில். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். ஓர் அடிக்கு நான்கு மி.மீ. என்ற பிரிட்டிஷ் அளவில் அது நான்கடி ஒன்றரை அங்குலம்தான். பிரிட்டனின் நிஜப் பாதையோ நான்கடி எட்டரை அங்குலம். ஏழு அங்குலக் குறையோடுதான் அங்கே பலர் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். நம் அகலப் பாதை ஐந்தடி ஆறு அங்குலம்; அந்த அளவில் குறை இன்னும் கூடும்.

ஆனால் ஓர் அடிக்கு மூன்று மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அழகாக விழுகிறது. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5. கடைத் தண்டவாளம் அப்படியே இந்திய அகலப் பாதையாகிவிடும். பெட்டியும் கட்டடமும் மட்டும் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும். பிளைவுட், சன்போர்டு, தெர்மகோல், ஃபெவிகால், 12 வோல்ட் மின்சாரம் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு.

இந்த அளவில் ஒன்று நூற்றியொன்றரைப் பங்காகச் சுருங்கும். ஆள் உயரம் 16 மி.மீ. பயணிகள் பெட்டி ஒன்று ஒரு சாணுக்கும் குறைவு. மூன்று பெட்டியும் டீசல் என்ஜினும் சேர்ந்து ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் 16 கி.மீ. பாதை முழுவதையும் விரித்தால் 158 மீட்டர், கால்பந்து மைதானத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே வெட்ட வேண்டும். எட்டடிப் பலகையில் ஒரு நிலையம், ஒரு சுரங்கக் கோபுரம், ஒரு மண்குன்று, ஒரு தெரு.

எந்த ஆண்டின் தெரு என்பது அடுத்த கேள்வி. 1900 என்றால் நீராவி என்ஜின், நிலக்கரி, விறகுக் குவியல். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகென்றால் கம்பங்களும் வயர்களும் வேண்டும். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்த காலம் என்றால் பெயர்ப் பலகைகள் மாறும். 2001க்குப் பின் என்றால் கோபுரச் சக்கரம் சுற்றக் கூடாது. நடைமேடையில்தான் கூட்டம் நெரிய வேண்டும்.

பொம்மை வேலை என்று தோன்றுவது இந்த இடத்தில் சரித்திரம் எழுதும் வேலையாகிவிடுகிறது. ஸ்காட்லாந்து மாடல்களில் பல, மழை விட்ட மாலைபோல் அமைதியாக இருக்கும். சுரங்கத் தொழிலாளியின் இருமல் அதில் கேட்காது. தங்கவயலிலும் அந்த ஆபத்து உண்டு. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்களின் பங்களா, கிளப், தோட்டம் எல்லாம் மாடலுக்கு வெகு அழகு. அவற்றை மட்டும் வைத்தால் பொய் சொன்னதாகும். ஊரின் பெரும்பகுதி வரிசை வரிசையான லைன் வீடுகளில்தான் வாழ்ந்தது. அழகில்லாததால் முதலில் விடுபடுவதும் அவைதான்.

மேசை எவ்வளவு பெரிதானாலும் காட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. சுரங்கம் 3.2 கி.மீ. ஆழம் வரை போனது. அதே அளவில் சுருக்கினாலும் பலகைக்குக் கீழே 31 மீட்டர் தோண்ட வேண்டும், பத்து மாடிக் கட்டடம் தலைகீழாக இறங்கியது போல. பலகையில் நிற்கும் எல்லாமும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பத்து மாடியில் வேலை செய்தவர்களின் சம்பாத்தியம்.

மேலே தெரிவதும் அப்படியே இருக்கப்போவதில்லை. தாது அரைத்துத் தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு 13 குன்றுகளாக நிற்கிறது, சுமார் 3.3 கோடி டன் என்பது கணக்கு. ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மலை. 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ படம் இந்தியாவுக்கே அந்த நிலத்தைக் காட்டியது, சினிமாவுக்கே உரிய மிகையோடு. அந்தக் குன்றுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. வேலை நடந்தால் தங்கவயலின் தொடுவானமே மாறும். இன்னொரு பக்கம், மாரிகுப்பத்திலிருந்து ஆந்திரத்தின் குப்பத்துக்குப் புதிய பாதை போடும் திட்டம் 2011-12இல் அனுமதி பெற்றது. அது முடியும் நாளில் மாரிகுப்பம் கடைசி நிலையமாக இருக்காது. ஊருக்கு நல்லதுதான், மாடலருக்கோ முட்டுச்சுவர் போய்விடும்.

எனவே அளவெடுக்க இதுவே நேரம். குன்றைத் தெர்மகோலில் படிப்படியாக வெட்டி, பிளாஸ்டர் பூசி, மழை அரித்த கோடுகளைக் கரண்டிக் காம்பால் கீறினால் போதும். நிஜ மண்ணை அள்ளிவந்து ஒட்டும் ஆசை வேண்டாம். சிலிக்கா கலந்த அந்த நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதைத் தங்கவயல் பட்டுத் தெரிந்துகொண்டது. ரயில் பெட்டியின் அளவுகளுக்கு ரயில்வே வரைபடங்கள் உண்டு, பங்களாக்களுக்குப் பழைய புகைப்படங்கள் உண்டு. லைன் வீட்டு வாசற்படி எத்தனை அங்குலம், குழாயடி எந்தப் பக்கம், ஷிஃப்ட் முடிந்து வந்தவர் எங்கே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார் என்பதை அங்கே வாழ்ந்த பெரியவர்களிடம் போய்க் கேட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.