குலைந்தது மீண்டும் கூடுமா?

அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாவதில்லை. ஆதலின், குலைந்த புரதம் குலைந்ததே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்தை நான் கைவிடக் காரணமானவர் கிறிஸ்தியன் அன்ஃபின்சன் (1916–1995) என்னும் அமெரிக்க உயிரிரசாயன அறிஞர்.

மாட்டின் கணையத்திற் சுரக்கும் இரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தை அவர் ஆராய்ந்தார். 124 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது; நான்கு கந்தகப் பிணைப்புகள் அதன் மடிப்பைத் தாங்குகின்றன. யூரியாக் கரைசலில் வைத்து அப்பிணைப்புகளை அறுத்தார். நொதியம் தொழில் இழந்தது. யூரியாவை அகற்றிக் காற்றுப் படவிட்டதும், அது தானே மடிந்து பழைய தொழிலைப் பெற்றது! எட்டுக் கந்தக முனைகள் இணைசேர 105 வழிகள் உள. சரியான வழி ஒன்றே. யூரியாவில் இருக்கும்போதே பிணையவிட்டால், தொழிலில் நூற்றுக்கு ஒரு பங்களவே மீண்டது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வடிவத்தின் விதி அமிலங்களின் வரிசையிலேயே அடங்கியுள்ளது. ஆயினும், அவ்விதி செயற்படத் தக்க சூழலும் வேண்டும். முட்டையிலோ, வெப்பத்தாற் குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடுகின்றன. விதி அழியவில்லை, வழிதான் அடைபட்டது.

1972இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசின் ஒரு பாதி அன்ஃபின்சனுக்குக் கிடைத்தது. வரிசையைக் கொண்டு வடிவத்தை முன்கூறும் கணினி முறைக்கு 2024இல் அதே பரிசின் ஒரு பங்கு சென்றது. எனினும், முடிந்த வடிவை அறிதல் வேறு, மடியும் வழியை அறிதல் வேறு. அவ்வழியைத் தேடும் பணி நம் மாணவர்க்கும் உரியதே என்பேன்.