ஆங்கில ஆசிரியர் ஆக எத்தனை வழி?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து நம் அறக்கட்டளை அலுவலகத்தைத் திறக்கும்போது, வாசலில் ஒரு தாயும் மகனும் நின்றிருந்தார்கள். மகன் ஹாபிழ். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவில் ஓதியவர். பிறகு, பிளஸ் டூ இல்லாமலேயே சேரலாம் என்று யாரோ சொல்ல, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து ஆங்கிலத்தில் பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் முடித்திருந்தார். மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண்.

"அண்ணே, புள்ள அஞ்சாறு வருசமா கடைக்கு வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சான். இப்ப பி.எட். சேர்க்க மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

கோப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பட்டச் சான்றிதழ்கள் இருந்தன. பத்தாம் வகுப்பும் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை. இதில் நான் யாரிடம் என்ன வார்த்தை சொல்ல முடியும்? தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்கும் அரசு ஆசிரியர் பணிக்கும் 10, பிறகு 12, பிறகு 3 ஆண்டுப் பட்டம் என்ற வரிசை வேண்டும். அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தில் குறை இல்லை. வரிசையைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆங்கில ஆசிரியர் ஆவதற்கு வழிகள் பல. ஆனால் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு வேலைக்குத்தான் கொண்டுபோய் விடும். எந்த வழி எங்கே போகிறது என்று தெரியாமல் நடந்தால் வருடங்கள் வீணாகும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூடத்தில் மூன்று நிலைகள்

'இங்கிலீஷ் டீச்சர்' என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், பள்ளியில் அது மூன்று வேறு வேலைகள்.

ஒன்று முதல் ஐந்து வரை: இங்கே ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் இல்லை. இடைநிலை ஆசிரியரே தமிழ், கணக்கு எல்லாவற்றோடும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறார். பிளஸ் டூ முடித்து, டி.எல்.எட். என்ற 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு படிக்க வேண்டும். முன்பு இதை ஆசிரியர் பயிற்சி என்றே சொல்வோம். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) முதல் தாள்.

ஆறு முதல் பத்து வரை: பட்டதாரி ஆசிரியர். பி.ஏ. ஆங்கிலம், 2 ஆண்டு பி.எட்., பிறகு டெட் இரண்டாம் தாள். இந்தத் தாளில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் போன்ற மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல் எழுத வேண்டும். ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலையே எடுக்கிறார்கள். ஆகவே ஷேக்ஸ்பியரை மட்டும் படித்துவிட்டுப் போனால் போதாது. பள்ளி வரலாறு, புவியியல் புத்தகங்களையும் தூசி தட்டி எடுக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால், டெட் தேர்ச்சிக்குப் பிறகு நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வும் உண்டு.

பதினொன்று, பன்னிரண்டு: முதுகலை ஆசிரியர். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வை எழுத வேண்டும். இங்கே இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

பாடம் மாறி வந்தவர்களுக்கு

நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. வியாபாரத்துக்கு உதவும் என்று அத்தா சொல்ல, பிள்ளை பி.காம். சேர்கிறது. படித்து முடித்த பிறகு ஆங்கிலத்தில் ஆசை வந்து எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறது. இதை 'கிராஸ் மேஜர்' என்கிறார்கள். மேலே சொன்ன முதுகலை ஆசிரியர் பணிக்கு இந்தப் படிப்பு செல்லாது.

அதற்காக அந்த எம்.ஏ. வீண் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி வேலைக்கு விதி வேறு. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, உதவிப் பேராசிரியர் ஆவதற்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டம் 55 சதவீத மதிப்பெண்ணோடு வேண்டும். கிரீமிலேயரில் வராத ஓ.பி.சி. பிரிவினருக்கு இதில் 5 சதவீதம் தளர்வு உண்டு. அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும். பி.எட். தேவையில்லை. பள்ளியில் அடைபட்ட கதவு கல்லூரியில் திறந்திருக்கலாம். பி.காம். படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் முடித்த பிள்ளை, பி.எட்.டுக்கு அலைவதைவிட நெட் தேர்வுக்கு உட்காருவதே பலன் தரும்.

பாடம் மாறுவது குற்றமும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் நம் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் ஏ.கே. ராமானுஜன். மைசூரில் கல்லூரிப் படிப்பை அறிவியலில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறியவர். பிறகு அமெரிக்கா போய் மொழியியல் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் உலகம் படிப்பதற்கு அவருடைய மொழிபெயர்ப்பு ஒரு பெரிய காரணம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு

இந்தப் பகுதியை என் அனுபவத்தோடு சொல்கிறேன். நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் உஸ்தாத் ஒருவர், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை எழுதாமல் ஊருக்குப் போகக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அப்போது எங்களுக்கு அது தொந்தரவாகத் தெரிந்தது. பிற்பாடு நான் கல்லூரிப் படியேறியது அந்த ஒரு தாளால்தான். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

மதரஸா மாணவருக்கு ஆங்கிலம் எட்டாத மொழி என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. ஸர்ஃபும் நஹ்வும் படித்தவருக்கு, தாய்மொழி அல்லாத ஒரு மொழியை வேரிலிருந்து கற்பது எப்படி என்று தெரியும். வினைச்சொல் எப்படி மாறுகிறது, எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று வருடக்கணக்கில் பிரித்துப் பழகியவர் அவர். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குத் திருப்பினால், இலக்கணம் கற்பிப்பதில் அவருக்கு ஒரு தெளிவு இருக்கும்.

இதற்கு நாட்டில் நல்ல முன்மாதிரியும் உண்டு. மௌலானா பத்ருத்தீன் அஜ்மல் 1994இல் தொடங்கிய மர்கஸுல் மஆரிஃப் கல்வி ஆராய்ச்சி மையம், ஆலிம் பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஆங்கில மொழி, இலக்கியத்தில் 2 ஆண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. முதலில் டில்லியில் இருந்த இந்த மையம் இப்போது மும்பையில் இருக்கிறது. தேவ்பந்த் தாருல் உலூமிலும் ஆலிம்களுக்கு ஆங்கிலப் பிரிவு உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், மதரஸாவில் படித்தவர்கள் பொதுக் கல்விக்கு வருவதற்காக ஓர் ஆண்டு இணைப்புப் படிப்பு வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இவை அறிவைத் தரும். மேல்படிப்புக்கும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் உதவும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வேலை நோக்கமென்றால், 10, 12, பட்டம் என்ற வரிசைக்கு இவை மாற்று ஆகாது. பத்தையும் பன்னிரண்டையும் மாநிலத் தேர்வுத்துறை வழியே தனித்தேர்வராக எழுதிவிடுவதே பாதுகாப்பு. பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் டூ எழுதினால் பழைய பட்டம் சரியாகிவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

பட்டம் வேறு, பயிற்சி வேறு

1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. பிள்ளைகளுக்கு முதன்முதலில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி தருவது திட்டம். பிரிட்டிஷ் கவுன்சிலும் இதற்குத் துணை நின்றது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. உருளும்போது பெருத்துக்கொண்டே போகும் பனிப்பந்து என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். நம் பெற்றோர் தலைமுறைக்குத் தொடக்கப் பள்ளியில் ஆங்கில எழுத்தைக் காட்டியவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர், பயிற்சி பெற்றவர்கள்.

இன்று பட்டம் கட்டாயம். ஆனாலும் பயிற்சியின் அருமை குறையவில்லை. தென்மாநில ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர பெங்களூருவில் ஒரு மண்டல நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. ஆங்கிலம் கற்பித்தலையே பாடமாக அங்கே படிக்கலாம்.

வளைகுடா ஆசை உள்ளவர்கள் 'செல்டா' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கேம்பிரிட்ஜ் வழங்கும் இந்தச் சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேர வகுப்பு. அதோடு உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நல்ல சான்றிதழ்தான், ஆனால் கட்டணம் அதிகம். பி.எட்.டுக்கு இது மாற்றும் அல்ல. எந்த நாட்டில், எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் கடன் வாங்கிச் சேர வேண்டாம். சில நாள் இணைய வகுப்பிலேயே ஆங்கில ஆசிரியர் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களில் இன்னும் கவனம் தேவை.

பெண்பிள்ளைகளுக்கு

நம் விளாங்குடியைப் பொறுத்தவரை இதில் ஒரு வசதி உண்டு. பாத்திமா கல்லூரி 1953 முதல் இருக்கிறது. ஆங்கிலத் துறையும் இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டிப் போகும் தூரம். தூரத்தைக் காரணம் காட்டிப் பிளஸ் டூவோடு நிறுத்துவதற்கு இங்கே இடமே இல்லை. மதுரைக்குள் கே.கே. நகர் வக்ஃபு வாரியக் கல்லூரியும், தேனிப் பக்கம் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் நம் சமுதாயம் கட்டியவை.

திருமணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர முடியாமல் போனவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லித்தர பிளஸ் டூ படித்தவர்களையே தன்னார்வலராகச் சேர்த்தார்கள். தெருப்பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தால்தான், இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்று தெரியும்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

1. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை சரியாக இருக்கிறதா?

2. பள்ளி மேல்நிலை வகுப்பு நோக்கமென்றால் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் ஆங்கிலம்தானா?

3. சேரும் பி.எட். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கிறதா? தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா?

4. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்று சரியாக இருக்கிறதா? 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத இட ஒதுக்கீடு கல்விக்கும் உண்டு, ஆசிரியர் நியமனத்துக்கும் உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, ஷேக், சையது முதலிய பிரிவினர் இதில் வருவார்கள். சான்றிதழைக் கடைசி நாளில் தேடி அலைய வேண்டாம்.

5. விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

அந்தப் பிள்ளை

அலுவலகத்துக்கு வந்த அந்த ஹாபிழிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, பத்தாவதுலருந்து எழுதுனா எத்தனை வருசம் ஆகும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். வயது 26. முடிக்கும்போது முப்பதைத் தாண்டிவிடும். "எழுதலைன்னாலும் முப்பது வரத்தானே செய்யும்" என்றார். இப்போது தனித்தேர்வுக்குத் தயாராகிறார். மாலையில் நம் மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். படித்த படிப்பு அங்கே வீணாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக்கூடாது. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோரும், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கல்லூரியில் பணம் கட்டும் முன் ஒருமுறை சான்றிதழ்களோடு அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்