ஒரு நம்பர் மாறியது. மலேசியா போக வேண்டிய விமானம் மெல்போர்னில் இறங்கியது!

விழுப்புரம்,

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வயலில் நிற்பவர்கள் தலையை தூக்கினால் சென்னைக்கு போற விமானமும் வர்ற விமானமும் கண்ணில் படும். பஸ்சில் முக்கால் மணி நேரம் பிடிக்கும் விழுப்புரம்-திண்டிவனம் தூரத்தை உயரத்தில் பறக்கும் ஜெட் விமானம் 3 நிமிஷத்துக்குள் தாண்டி விடும். அங்கே ரோடும் இல்லை, கைகாட்டியும் இல்லை. பிறகு பைலட்டுக்கு எப்படி வழி தெரிகிறது?

எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் கிளம்பும் முன் "நான் இப்போது எந்த இடத்தில் நிற்கிறேன்" என்பதை அதற்கு சொல்ல வேண்டும். அங்கிருந்து எந்த பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று அது கணக்கு போட்டுக்கொண்டே போகும்.

பஸ் கண்டக்டரின் டிக்கெட் மிஷினை நினைத்துப் பாருங்கள். திண்டிவனத்தில் ஏறியவருக்கு விழுப்புரம் ஸ்டேஜை போட்டு விட்டால் மிஷின் ஒழுங்காகத்தான் கணக்கு போடும். ஆனால் வரும் டிக்கெட் தப்பு. விமானத்திலும் அதே கதைதான்.

சிட்னியில் நடந்த கூத்து

2015-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்து கோலாலம்பூருக்கு ஏர் ஏசியா எக்ஸ் விமானம் கிளம்பியது. நம்ம ஊர்க்காரர்கள் பிழைப்புக்கு போகும் அதே கோலாலம்பூர்தான்.

வழக்கமாக கேப்டன் கீழே இறங்கி விமானத்தை சுற்றிப் பார்ப்பார், துணை விமானி உள்ளே கம்ப்யூட்டரை தயார் செய்வார். அன்று கேப்டனின் காது பாதுகாப்பு கருவி சரியில்லை. இருவரும் வேலையை மாற்றிக்கொண்டனர். வெளியே போர்டில் எழுதியிருந்த தீர்க்கரேகையை பார்த்து கேப்டன் டைப் செய்தார்.

151 டிகிரி 9.8 நிமிடம் என்று போட வேண்டும். விழுந்தது 15 டிகிரி 19.8 நிமிடம். அவ்வளவுதான்! சிட்னியில் நிற்கும் விமானம், தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் பக்கம் கடலில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 11 ஆயிரம் கிலோ மீட்டர்.

அபாய ஒலிகள் வந்தன. யாரும் அதை சரியாக புரிந்துகொள்ளவில்லை. மேலே ஏறி ஆட்டோ பைலட்டை போட்டதும் விமானம் இடது பக்கம் திரும்பி, பக்கத்து ஓடுபாதையில் இருந்து கிளம்பும் விமானங்களின் பாதைக்கு குறுக்கே போனது. கட்டுப்பாட்டு அறை உடனே உஷார்படுத்தியது. பறக்கும்போதே சரி செய்யப் போய் வேறு கருவிகளும் செயலிழந்தன. சிட்னியில் மேகம் தாழ்ந்து கிடந்ததால் திரும்ப முடியவில்லை. கடைசியில் மெல்போர்னில் இறக்கினர். யாருக்கும் காயம் இல்லை.

திண்டிவனத்துக்கு இதை பொருத்திப் பார்த்தால் விபரீதம் புரியும். நம் ஊர் இருப்பது 79-வது டிகிரியில். அதில் 9 விழாமல் வெறும் 7 ஆகி விட்டால் கம்ப்யூட்டர் காட்டும் இடம் ஆப்பிரிக்காவின் நைஜீரியா!

159 பேர் பலி

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1995 டிசம்பர் 20-ந்தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் கொலம்பியாவின் காலி நகருக்கு இரவில் இறங்கிக்கொண்டிருந்தது. 'ரோசோ' என்ற வழிகாட்டி நிலையத்துக்காக பைலட்டுகள் 'ஆர்' என்ற ஒரே எழுத்தை தட்டினர். கம்ப்யூட்டரோ பொகோட்டா அருகே உள்ள 'ரோமியோ' என்ற நிலையத்தை எடுத்துக்கொண்டது. செல்போனில் 'தி' என்று தட்டினால் திண்டிவனமும் வரும், திருக்கோவிலூரும் வரும் அல்லவா, அந்த மாதிரி. விமானம் மலைப்பக்கம் திரும்பி மோதியது. 163 பேரில் பிழைத்தது 4 பேர்தான்.

இப்போது?

புது விமானங்கள் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் தாங்களே தெரிந்துகொள்கின்றன. தப்பான இடத்தை போட்டால் கம்ப்யூட்டரே ஏற்காது. சிட்னி விமானத்தில் இந்த மேம்பட்ட வசதி பொருத்தப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பதும் கட்டாயம்.

ஜி.பி.எஸ்.சுக்கும் இப்போது தொல்லை வந்திருக்கிறது. போர் நடக்கும் பகுதிகளில் போலி சிக்னல் அனுப்பி விமானங்களை குழப்புகிறார்கள். இது பற்றி நம் நாட்டு விமான போக்குவரத்து இயக்குநரகம் 2023 நவம்பரில் விமான நிறுவனங்களுக்கு சுற்றறிக்கை அனுப்பியது.